யாரும் மிதிக்காத ஆக்சிலேட்டர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வண்டியைக் கிளப்பத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரகடம் கூட்டுரோட்டில் போய் நின்று பார்க்கலாம். டீக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே ஏசி ஓட, போனில் யாரிடமோ இளித்துக்கொண்டிருப்பான் ஒருவன். ஷிப்ட் விடுகிற வரைக்கும் கம்பெனி பஸ் டிரைவர் குறட்டை விட்டுத் தூங்குவான். பஸ் மட்டும் விழித்திருந்து புகை கக்கும். டீசல் என்ன இவன்கள் அப்பன் வெட்டின கிணற்றிலா ஊறுகிறது? சுப்பன் கல்குவாரி லாரி ஓட்டிய காலத்தில், இரண்டு பீடி பிடிக்கிற நேரத்துக்கு இன்ஜின் சும்மா ஓடினாலும் முதலாளி குவாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தாயைப் பழித்துக் கத்துவான். நிற்கிற வண்டி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் சுப்பன் கற்ற பள்ளிக்கூடம்.

அப்பேர்ப்பட்ட சுப்பன், தன் அக்கா செத்துக் கிடக்கும் வீட்டு வாசலில், காலையிலிருந்து ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பிக்கப் வண்டிக்குக் காவலாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா கிளியம்மாள் முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் விழவில்லை, யாரையும் பீ மூத்திரம் அள்ள வைக்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவள், சாய்ந்தபடியே இருந்துவிட்டாள். ஒரே மகள் செந்தாமரை மஸ்கட்டில் நர்ஸ். சேதி சொன்னபோது அவள் அழக்கூட இல்லை. "மாமா, நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுக்காதீங்க. மொகத்தப் பாக்கணும் மாமா, அது போதும்" என்றாள்.

"நீ வாம்மா. நீ பாக்காம உங்கம்மாவ வாசப்படி தாண்ட வுட மாட்டேன். மாமன் சொல்றேன்" என்றார் சுப்பன்.

அது தாய்மாமன் வாக்கு. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர், வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை கட்டியவர், இதற்கு மட்டும் கை விரிக்க முடியுமா?

ராத்திரியே ஐஸ் பெட்டி வந்துவிட்டது. கண்ணாடி மூடிக்குள் கிளியம்மாள், நெற்றியில் ஒற்றை ரூபாயுடன், யார் மேலோ லேசாகக் கோபித்துக்கொண்டவள் மாதிரிப் படுத்திருந்தாள். ராத்திரி பிடித்த மழை, விடிகிற நேரத்தில் பெருங்காற்றோடு சேர்ந்துகொண்டது. ஊருக்கு, வடக்குப்பட்டுக்கு, வருகிற லைனில் கரண்டுக் கம்பங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன. ஊர் இருண்டது. வயலாக இருந்த இடத்துக்கு அப்பால் நிற்கிற கம்பெனிகளில் மட்டும் விளக்கு மினுக்கியது.

"கம்பெனிக்காரனுக்குக் கரண்டு போவாது. செத்தவளுக்குத்தான் போவும்" என்றார் சுப்பன்.

பந்தல்காரனின் ஜெனரேட்டர் மழையில் நனைந்து படுத்துவிட்டது. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்து, முத்து முத்தாக உருள ஆரம்பித்தது. அக்காவின் கன்னத்துக்கு நேரே ஒரு சொட்டு வழிந்ததைப் பார்த்துச் சுப்பன் துண்டால் துடைத்தார்; சொட்டு உள்பக்கம் இருந்தது.

"மாமா, சொல்றேன்னு கோச்சிக்காத" என்று வந்தான் டில்லிபாபு. கிளியம்மாளின் கொழுந்தன் மகன். ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கொள்ளி வைக்க வேண்டிய பங்காளி அவன்தான். "கரண்டு எப்ப வரும்னு எவனுக்கும் தெரியல. பெரிம்மா மொகம் மாறிட்சின்னா அதப் பாத்து செந்தாமரை தாங்குமா? மத்தியானத்துக்குள்ள எடுத்துட்லாம். வீடியோ எடுத்து அனுப்பிட்லாம்."

"வீடியோல மூஞ்ச பாக்கவா அவ ஏரோபிளான் ஏறினா? உனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சின்னா சொல்லு."

அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தான் பேச்சிராஜ். கிளியம்மாள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய் ஏசி சரிபார்க்கிற வேலை. கிளியம்மாளை ஆச்சி என்று கூப்பிடுவான். அவளும் வாரத்தில் பாதி நாள் அவனுக்குக் குழம்பு ஊற்றுவாள். வாடகை கொடுக்கிறவனுக்குக் குழம்பும் கொடுக்கிற அக்காவைப் பற்றிச் சுப்பனுக்கு எப்போதுமே ஒரு குறை உண்டு.

"தாத்தா, நம்ம வண்டில பெரிய இன்வெர்ட்டர் கெடக்கு. கம்பெனி மாடில கரண்டு இல்லாத எடத்துல மெசினு ஓட்டத்தான் மாட்டியிருக்கேன். பெட்டிக்கு வயரு இழுத்திருவோம். ஆச்சிக்கு ஒண்ணும் ஆவாது."

"எவன்டா உனக்குத் தாத்தா?"

"சரி, மாமா."

"மாமாவா? எம் பொண்ணக் கட்டப் போறியா?"

"வேற எப்பிடித்தான் கூப்புடச் சொல்லுதீய?"

"கூப்புடாத."

கூப்பிடாமலே வேலையைத் தொடங்கினான் பேச்சிராஜ். புகை வீட்டுக்குள் போகாதபடி வண்டியின் பின்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, முன்பக்கத்தைப் பந்தலுக்கு நேராக நிறுத்தினான். வயர் ஜன்னல் வழியாக உள்ளே போனது. இன்ஜினைக் கிளப்பியதும் ஐஸ் பெட்டி முனகிக்கொண்டு எழுந்தது. உள்ளே பெண்கள் "யம்மா" என்றார்கள். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே இன்வெர்ட்டர் கீச்சுக்குரலில் அழத் தொடங்கியது. கீ, கீ, கீ.

"பாத்தியா, சொன்னேன்ல" என்றார் சுப்பன். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"சும்மா நிக்கையில இன்ஜினு மெதுவாச் சுத்தும்லா, டைனமோ குடுக்கிற கரண்டு பத்தாது. பேட்டரி வத்துது. அதுக்கும் வழி இருக்கு" என்று பேச்சிராஜ் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்தான்.

வண்டி ஒரு மூச்சு இழுத்தது. சத்தம் மெல்ல உயர்ந்தது. உயர்ந்து, ஒரு இடத்துக்கு வந்ததும் இதுதான் என் இடம் என்பதுபோல அங்கேயே நின்றது. கீச்சுக்குரல் அடங்கியது. சுவிட்சில் பச்சையாக ஒரு விளக்கு. பேச்சிராஜ் இறங்கிக் கதவைச் சாத்தினான்.

சுப்பன் அவனையும் பார்த்தார், ஆளில்லாத சீட்டையும் பார்த்தார்.

"யார்றா மிதிக்கிறது?"

"யாரும் மிதிக்க வேண்டாம். இதுக்குப் பேரு ஹை ஐடில். நின்ன எடத்துலயே கொஞ்சம் வெரசலாச் சுத்தும். நாம சொன்ன வேகத்துலயே நிக்கும்."

"கல்லு வச்சிக்கிறியா ஆக்சிலேட்டர் மேல?"

"கல்லுமில்ல, கம்புமில்ல. பாத்துக்கிடுங்க."

சுப்பன் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். ஆக்சிலேட்டர் மேலே நின்றது. ஒரு கால் தூசிகூட அதன் மேல் விழவில்லை. ஆனால் இன்ஜின், யாரோ அளந்து மிதித்துக்கொண்டிருக்கிற இன்ஜின் மாதிரிப் பாடியது. வாழ்நாள் முழுக்க வண்டியோடு மாரடித்தவர் அவர். கால் கீழே போனால் சத்தம் மேலே போகும், கால் மேலே வந்தால் சத்தம் கீழே வரும். இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பாதமே தெரிந்துகொண்டது. இப்போது பாதம் இல்லாமலே சத்தம் நிற்கிறது. சாமி வந்தவள் மேல் விழுகிற பார்வைபோல ஒரு பார்வை அவர் கண்ணில் வந்தது. உடனே அதைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்கயாவது போய் முட்டும்" என்றார்.

ஆனாலும் நாற்காலியைத் தூக்கி வந்து வண்டிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். காவலுக்கென்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டி ஒரு தரம் ஓய்ந்து ஒரு தரம் எழும். எழும்போது வண்டியின் சத்தம் ஒரு நூலளவு அமுங்கும். அமுங்கியது காதில் விழுவதற்குள் தானே நிமிர்ந்துகொள்ளும். பாடை தூக்குகிறவன் தோள் மாற்றும்போது முழங்கால் லேசாகத் தாழ்ந்து நிமிருமே, அதேபோல. பாடைக்காரனுக்காவது பக்கத்தில் மூன்று பேர் உண்டு. இது தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "அடேயப்பா" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

முற்பகலில் போனில் செந்தாமரையின் குரல் விட்டு விட்டு வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பிவிட்டாள். படப்பை ரோட்டில் நெரிசல் என்று டாக்சிக்காரன் மணிமங்கலம் வழியாகத் திருப்பியிருக்கிறான். அங்கே ஏரி வழிந்து ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறது. கார் இறங்காது என்று கையை விரித்துவிட்டான். அதற்கு மேல் போனில் குரல் இல்லை. டவரும் படுத்துவிட்டது.

"பிக்கப்ப எடுத்துக்கினு போனா தண்ணியில தாராளமாப் பூந்து வரலாம்" என்றான் டில்லிபாபு. "உசரமான வண்டி."

எல்லோரும் சுப்பனைப் பார்த்தார்கள். வண்டி போனால் செந்தாமரை வந்துவிடுவாள். வந்து பார்க்கிற முகம் எப்படியிருக்கும் என்பது வேறு கதை. வண்டி நின்றால் முகம் நிற்கும். பார்க்கிறவள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நம்பாத வண்டியை வேண்டாம் என்று அனுப்ப நல்ல வாய்ப்பு. சுப்பன் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியில் நீர் முத்தெல்லாம் வற்றி, அக்காவின் முகம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"வண்டி நிக்கட்டும். பைக்குல போங்க. தண்ணி கொறவா கீற எடத்துல அவ எறங்கி நடந்து வரட்டும்."

"எம் பைக்கா?" என்றான் டில்லிபாபு.

"இல்ல, கலெக்டரோட பைக்கு. சாவியக் குட்றா."

பேச்சிராஜ்தான் கிளம்பினான். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "தாத்தா, ஒண்ணே ஒண்ணு. வண்டிக்குள்ள ஏறாதீய. எந்த மிதியிலயும் கால வச்சிராதீய. பிரேக்கு, ஆக்சிலேட்டரு எதுவும். கேட்டீயளா?"

"நீ உங்க ஆத்தா வயித்துல இல்லாதப்பவே நான் பத்து டன் கல்ல ஏத்திகினு மேடு ஏறினவன்டா. எனக்கு வண்டி சொல்லிக் குடுக்கிறான், வண்டி."

பைக் சேற்றில் வளைந்து வளைந்து மறைந்தது.

தனியாக உட்கார்ந்ததும் சந்தேகம் மெல்ல எழுந்து வந்து சுப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வண்டியின் மூக்கு பந்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பந்தலுக்குள் அரை ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஜின் சாதாரண சத்தத்தில் இல்லை. ஓடத் துடிக்கிற மாடு மாதிரிக் கட்டுத்தறியில் நிற்கிறது. கயிறு அறுந்தால்? தெருவோரத்தில் கிடந்த கருங்கல்லைப் புரட்டி வந்து முன் சக்கரத்தடியில் முட்டுக் கொடுத்தார். அது போதவில்லை. இன்னொரு கல். அதுவும் போதவில்லை.

குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. வேறொருவன் ஓடவிட்டுப் போன வண்டியை எவனும் நம்பக் கூடாது. ஏறி, கிளச்சை மிதித்து, கியர் கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டி நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று பார்த்து, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் நடக்கலாம். இதைச் செய்யாதவர்களில் பாதிப் பேருக்குக் கால் இல்லை. கையே கதவைத் திறந்தது, காலே ஏறியது. பேச்சிராஜ் சொன்னது ஞாபகத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. சின்னப் பயல் சொன்னது என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது.

கிளச்சை மிதித்தார். கியரை ஆட்டினார். நியூட்ரல்தான். பிரேக்கை ஓங்கி ஒரு மிதி.

சத்தம் விழுந்தது.

அணையவில்லை; விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று குரல் தாழ்த்தி முணுமுணுக்கத் தொடங்கிய மாதிரி. பச்சை விளக்கு போய்விட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பின்னாலிருந்து கீ, கீ, கீ. உள்ளே ஐஸ் பெட்டி ஒரு விக்கல் விக்கி நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி அடியில் நிறுத்தினார்கள்.

சுப்பனின் பெண்டாட்டி ரத்னா பந்தலிலிருந்து விருட்டென்று வெளியே வந்தாள். "யோவ், இன்னா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு டிரைவர் சீட்டுல குந்திகினு கீறே?"

டில்லிபாபு ஓடிவந்து போனைக் காதில் வைத்தான், எடுத்தான், வைத்தான். டவர் இல்லை. "மாமா, போதும் மாமா. இது சரிப்படாது. எடுத்துட்லாம்."

சுப்பன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலை ஆக்சிலேட்டரில் வைத்து மிதித்தார். சத்தம் உயர்ந்தது. கீச்சுக்குரல் நின்றது. உள்ளே பெட்டி முனகி எழுந்தது. "தோ பாரு, ஓடுது! இதுக்குப் போயி சுவிச்சாம், விளக்காம்" என்றார். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. பெட்டி இழுக்கும்போது சத்தம் அமுங்கியது. அவர் கால் கீழே போவதற்குள் கீச்சென்றது. பதறி மிதித்தால் வண்டி அலறியது. பந்தலில் குழந்தைகள் காதைப் பொத்தின. காலைத் தளர்த்தினால் மறுபடி கீச்சு. அந்த ஒரு இடம், காலையிலிருந்து வண்டி தானாக நின்ற அந்த நூலளவு இடம், அவர் காலுக்குச் சிக்கவில்லை. ஏறிப் போவார், இறங்கி வருவார், நடுவில் நிற்க முடியவில்லை. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.

"அந்தச் செங்கல்ல எடு" என்றார்.

டில்லிபாபு செங்கல்லைக் கொடுத்தான். ஆக்சிலேட்டர் மேல் வைத்ததும் வண்டி கழுத்தறுபட்டது மாதிரிக் கத்தியது. பந்தல் துணி நடுங்கியது. செங்கல்லை வெளியே தள்ளிவிட்டு மறுபடி காலை வைத்தார். நெற்றியில் வியர்வை. யாரும் மிதிக்காமல் அது எப்படி நின்றது? இவ்வளவு பேர் வந்து போகிற வாசலில், சாப்பாடு கேட்காமல், டீ கேட்காமல், கால் மாற்றாமல்?

சுவிட்சை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலை வைத்தபடியே இன்னும் பலமாக அழுத்தினார். விளக்கு வரவில்லை. "கெட்டுப் போச்சி. அப்பவே சொன்னேன்."

ரத்னா கதவைப் பிடித்துக்கொண்டு அவர் காலையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"யோவ், நீ கால எடேன்."

"எடுத்தா பெட்டி நின்னுடும்டி."

"நீ மிதிச்சிகினு கீறப்ப அது எப்டி மிதிக்கும்? ஒரு செருப்புல ரெண்டு காலு பூருமா? நான் அடுப்பாண்ட நிக்கிறப்ப நீ வந்து கரண்டியப் புடிச்சா, நான் வுட்டுட்டுப் போவ மாட்டேன்? அப்டித்தான் கோச்சிக்கினு கீது."

சுப்பனுக்கு அவள் பேச்சு எரிச்சலாக இருந்தது. ஆனால் பிரேக்கை மிதித்த நொடியில் விழுந்த சத்தமும், 'எந்த மிதியிலயும்' என்று சொன்ன அந்தப் பாலிதீன் தலையும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. காலை எடுக்க வேண்டும். எடுத்தால் அக்கா தலைமாட்டில் பெட்டி நிற்கும். எடுத்தபின் அது வாங்கிக்கொள்ளும் என்பதற்கு யார் ஜாமீன்? சுவிட்சா? பச்சை விளக்கா? கண்ணுக்குத் தெரிகிற காலை எடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத காலை நம்பு என்கிறாள்.

உள்ளே பார்த்தார். ஜன்னல் வழியாகப் பெட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது. இப்படி ஏறி இறங்கும் சத்தத்தில் எவ்வளவு நேரம் தாங்கும்? கால் எவ்வளவு நேரம் தாங்கும்?

"அக்கா, மன்னிச்சிக்க" என்று முணுமுணுத்துவிட்டுக் காலை எடுத்தார். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேலேயே மடித்து வைத்துக்கொண்டார், தரையைத் தொட்டால் தீட்டு என்பதுபோல. சத்தம் விழுந்தது. கீ, கீ என்றது. பெட்டி நின்றது. சுவிட்சை அழுத்தினார். அழுத்திப் பிடித்தார். பந்தலில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

வண்டி ஒரு மூச்சு இழுத்தது.

அவர் உட்கார்ந்திருந்த சீட்டு அடியிலிருந்து சத்தம் ஏறியது. காலையில் வெளியே நின்று கேட்டது வேறு. இப்போது அது அவர் தொடை வழியாக, முதுகெலும்பு வழியாக ஏறி வந்தது. கீழே ஆக்சிலேட்டர் அசையவே இல்லை. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர், அவரைவிட நல்ல டிரைவர், அவர் மடியிலேயே உட்கார்ந்து, அவசரப்படாமல், அளந்து மிதிக்கிறார். ஏறிக்கொண்டே வந்து, அவர் காலுக்குச் சிக்காத அந்த நூலளவு இடத்தில் அலுங்காமல் நின்றது. பச்சை விளக்கு. கீச்சுக்குரல் ஓய்ந்தது. உள்ளே ஐஸ் பெட்டி தயங்கி, கனைத்து, எழுந்தது. வண்டி ஒரு நூல் தாழ்ந்து நிமிர்ந்தது.

சுப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கைகள் தாமாகக் குவிந்தன. பாதி குவிந்ததும் ரத்னா பார்ப்பது தெரிந்து, மீசையைத் தடவுவதுபோல் இறக்கிக்கொண்டார்.

"கும்புடு, கும்புடு. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள்.

காலை நீட்டாமல், எந்த மிதியும் படாமல், கதவைப் பிடித்துத் தொங்கியபடி வெளியே இறங்கினார். அதற்குப் பிறகு யாரையும் வண்டியின் பக்கம் அண்ட விடவில்லை. ஒரு ஆடு வந்து சக்கரத்தை முகர்ந்தது, அதையும் விரட்டினார்.

மழை விட்டு வெயில் லேசாக எட்டிப் பார்த்தபோது பைக் வந்தது. பின்னால் செந்தாமரை, இடுப்பு வரைக்கும் சேறும் தண்ணீருமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. இறங்கியவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்க் கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

முகம் மாறவில்லை. கன்னம், மூக்குத்தி, யார் மேலோ உள்ள அந்தச் சின்னக் கோபம், எல்லாம் நேற்று இருந்தபடியே இருந்தன. நர்சாக எத்தனையோ முகங்களைப் பார்த்திருப்பாள்; எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "தூங்கற மாதிரியே கீது மாமா" என்று சொல்லி, அப்போதுதான் அழுதாள். ஊரிலிருந்தபோது பேசிய பேச்சு அவள் வாயில் திரும்பி வந்திருந்தது. சுப்பன் அவள் தலையில் கை வைத்தார். வெளியே வண்டி அதே இடத்தில், அதே குரலில் நின்றது.

எடுக்கும் நேரம் வந்தது. பிறந்த வீட்டுப் புதுச் சேலையுடன் சுப்பன் நின்றார். பெட்டியைத் திறக்கலாம் என்றதும் பேச்சிராஜ் போய்ச் சாவியைத் திருப்பினான்.

நின்றபோதுதான் அது எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. திடீரென்று தெருவில் தவளைச் சத்தம் கேட்டது. பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஊரே ஒரு நொடி தலை நிமிர்ந்து வண்டியைப் பார்த்தது, பேசிக்கொண்டிருந்த பெரிய மனுசர் ஒருவர் எழுந்து போய்விட்ட மாதிரி. சுப்பன் அக்கா மேல் சேலையைப் போர்த்தினார்.

மேளக்காரர்கள் முன்னால் போக, பாடை கிளம்பியது. சுப்பன் செருப்பு மாட்ட வந்தபோது பேச்சிராஜ் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, நான் இல்லாதப்ப எங்கயும் நின்னுச்சா?"

"ஏன் நிக்கிது? ஜம்முனு ஓடிச்சி."

ரத்னா தொண்டையைக் கனைத்தாள்.

"ஏன் கேக்குதேன்னா, மிதியில சேறு ஒட்டியிருக்கு" என்று சிரித்தான் பேச்சிராஜ். "மிதியத் தொட்டா அது விட்டுக் குடுத்துரும் தாத்தா. டிரைவர் வந்துட்டாவ, இனி அவுக பாத்துக்கிடுவாவன்னு ஒதுங்கிக்கிடும். அப்பிடித்தான் பண்ணி வச்சிருக்காவ."

சுப்பன் செருப்பில் பாதிக் கால் நுழைத்தபடி நின்றார். ஆள் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். ஆள் போனால் தூக்கிக்கொள்ளும். இந்தக் காலத்தில் மனுசனிடமே இல்லாத மரியாதை. போய் அதன் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். இன்னும் சூடு இருந்தது. ஓடி முடித்த மாட்டின் நெற்றிச் சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தார்.

பேச்சிராஜ் குனிந்து சக்கரத்தடியிலிருந்த கல்லைப் புரட்டப் போனான்.

"ஏய், கல்ல எடுக்காத!"

"அணைச்சாச்சே தாத்தா. சாவி கையில இருக்கு. இனி எதுக்குக் கல்லு?"

"தானா மூச்சு இழுக்கிற வண்டிடா அது. சாவி உங்கைல கீதுன்னு அதுக்குத் தெரியுமா?" மேளச்சத்தம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சுப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாங்க சுடுகாட்டுலேருந்து திரும்பி வர்ற வரைக்கும் கல்லு அங்கதான் கெடக்கணும். ரெண்டும்."

சொல்லிவிட்டு நடந்தார். தெருமுனையில் ஒருமுறை நின்று காது கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. "சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், நம்பக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தலையை ஆட்டியபடி, பாடைக்குப் பின்னால் போனார்.